ஒன்பதாம் வரிசை

காலை ஆறரைக்குள் எண்ணிவிட வேண்டும்.
வெயில் ஏறிவிட்டால்
இலையைத் தொட்டதுமே
யாரோ கோலமாவை ஊதியதுபோல் எழும்பிவிடும்.
குளிரில் அசையாது.
கசங்காமல் இலையைத் திருப்பி லென்ஸை வைத்தால்
செதில் செதிலாக, வெளிர்மஞ்சளில்,
நரம்போரம் ஒட்டிக்கிடந்து
குடித்துக்கொண்டிருக்கும் குஞ்சுகள்.

கட்டபெட்டுக்கு மேலே
போஜராஜ் கார்னேஷன் வளர்த்துக் கடனாளியான குடில் இது.
பூவின் வாசனை போய்விட்டது.
வங்கியின் பலகை இருக்கிறது.
இப்போது பன்னிரண்டு வரிசை பீன்ஸ்,
பன்னிரண்டு ரகம்,
செடிக்கு மூன்று இலை: மேல், நடு, அடி.
எண்ணியவர் என்ற கட்டத்தில்
தவமலர் என்று என் கையெழுத்து.

வெளியே ஜனவரி.
புல்லின்மேல் உறைபனி கல்லுப்பாக நிற்கிறது.
அங்கே இந்த வெள்ளை ஈ ஒரு ராத்திரி தாங்காது.
பிளாஸ்டிக் கூரை, இரட்டைக் கதவு, கதகதப்பு,
வீடு கட்டிக் கொடுத்தது நாம்தான்.
விதை முளைக்குமுன் அது பால் காய்ச்சிவிட்டது.

மூன்றாம் வரிசை அழகு.
வழவழ இலை. சாண் நீளக் காய், அடிஸ்கேல்போல் நேராக.
மேட்டுப்பாளையம் மண்டியில்
கண்ணை மூடிக்கொண்டு விலை வைப்பார்கள்.
பொங்கலுக்குள் அதன்மேல் பிசுபிசுவென்று தேன் கசிந்து
கரும்பூசணம் படர்ந்து
அடுப்படிச் சுவர்போல் நின்றது.
ஓர் இலையில் நூற்றுப் பதினாறு.
நூறைத் தாண்டினால் என் உதடு தானாக அசையும்.
ஜெபம் என்று நினைத்து
ஒருநாள் போஜராஜ் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

ஒன்பதில் நான்கு. சில நாள் இரண்டு.
அதற்குப் பெயர் இல்லை, உறையில் எண் மட்டும்.
கதவோரம் இருக்கிறது, காற்றில் ஈ தங்கவில்லை
என்றேன் டாக்டர் ரெஜினாவிடம்.
அவர் பேனாவை மூடினார்.
இருபது தொட்டியையும் நடுவுக்குத் தூக்கினோம்,
மூன்றைக் கதவோரம் வைத்தோம்.
மூன்று வாரம்.
கதவோரம் கருத்தது.
நடுவில் ஐந்து.

லென்ஸில் பார்த்தால் இலையடியெங்கும் மயிர்,
நுனி ஒவ்வொன்றும் தூண்டில் முள்ளாக வளைந்து.
கால் மாட்டிய ஈ ஒன்று
சுற்றிச் சுற்றி அதே இடத்தில்.
எதிர்ப்புத்திறன் என்று அறிக்கையில் எழுதுகிறார்கள்.
செடிக்கு அப்படியொரு எண்ணம் இருப்பதாகத் தெரியவில்லை.
சொரசொரப்பாகப் பிறந்தது, அவ்வளவுதான்.

பிறகு மஸ்லின் கூண்டு.
ஒன்பதை மட்டும் உள்ளே வைத்துப் பத்து ஈ விட்டோம்.
வேறு இலை கிடையாது.
பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பார்கள்.
பத்தும் பறக்கவில்லை.
மூன்று மாட்டிக்கொண்டன.
ஏழு, முள்ளுக்கும் முள்ளுக்கும் நடுவில்
இடம் பார்த்து முட்டையிட்டன.
அன்று டாக்டரின் டிபன்பாக்ஸ் திறக்கப்படவில்லை.
ஏழு என்று எழுதுவதற்குள்
பென்சிலை இரண்டு தடவை சீவினேன்.

மண்டிக்குப் போன ஒரு கிலோ
வளைசல், நார், என்று திரும்பி வந்தது.
போஜராஜ் கணக்குப் போட்டார்:
மூன்று என்றால் பதினோரு தடவை மருந்து.
ஒன்பது என்றால் இரண்டு, ஆனால் பாதி விலை.
கடைசியில் கால்குலேட்டரைக் கவிழ்த்து வைத்தார்.
திரும்பிய கிலோவை நான் வாங்கிப்போனேன்.
நார் உரிக்கவே அரைமணி நேரம்.
தேங்காய் போட்டு இறக்கினால்
சட்டியில் மிச்சமில்லை.
ருசிக்கு எங்கள் அட்டவணையில் கட்டம் கிடையாது.

நேற்று பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் பார்த்தேன்,
ஸ்வெட்டர் கையில் ஒன்பதின் இலை
தொற்றிக்கொண்டு வந்திருந்தது.
பிய்த்தால் கம்பளி நூலும் கூட வந்தது.
அடியில் ஓர் ஈ, மாட்டாதது.
மூடுபனியில் இறக்கையை ஒருதரம் விரித்து
மடக்கிக்கொண்டது.
கோத்தகிரி வண்டி வந்தது.
இலையைக் கீழே போடவா,
மிச்சத்தைக் குளிர் பார்த்துக்கொள்ளும்,
உள்ளங்கையில் மூடிக்கொள்ளவா என்று
படியில் ஒரு காலோடு நின்றேன்.
எத்தனைம்மா, என்றார் கண்டக்டர்.
ஒன்று, என்றேன்.