முள் நிற்காத மீன்

பெருஞ்சாணியில் வெள்ளம் இறங்குவதை
சுவரில் எழுதிய அடிக்கணக்கில் நான் பார்ப்பதில்லை.
தராசு சொல்லும்.

கும்பப்பூ அறுத்து, கால்வாய் அடைத்து,
ரப்பர் மரங்கள் இலை உதிர்த்துப்
பால்வெட்டும் நின்றுபோன நாட்களில்
வெட்டுக்காரர் பாதிப்பேர்
கத்தியைக் கூரையில் செருகிவிட்டுப்
பரிசலில் ஏறுவார்கள்.
முதலில் சிலேபிதான்.
உள்ளங்கை அகலம், கூடை கூடையாய்,
கிலோவுக்கு ஐந்து, ஆறு.
மீன மாசம் பிறந்தால்
அணைக்குள்ளே பழைய ஆறு தெரியத் தொடங்கும்.
மூழ்கிக் கிடந்த மரக்குற்றிகள்
ஒவ்வொன்றாய்த் தலை நீட்டி
வலையைக் கிழிக்கும்.
பள்ளத்தில் ஒதுங்கிய கட்லாவும் ரோகுவும்
அதன் பிறகுதான் என்னிடம் வரும்.

குத்தகைக்காரர் ஷெட்டில்
சங்கிலியில் தொங்கும் வட்டத் தராசு,
நீலத்தட்டு, கண்ணாடியில் ஒரு விரிசல்
மூன்றரைக்கும் நாலுக்கும் நடுவே.
அந்த அரைக்கிலோவில் எத்தனை சண்டை!
இடப்பக்கம் நின்று பார்த்தால் கூடும்,
வலப்பக்கம் நின்றால் குறையும்.
நான் நேரே நிற்பேன்.
ஸ்டெல்லஸ் எப்போதும் இடப்பக்கம்.

போன புரட்டாசியில்
ஆக்சிஜன் பையை அவிழ்த்து
விரல்நீளக் குஞ்சுகளைத் தண்ணீரில் விட்டதும் நான்தான்.
யாரும் எண்ணவில்லை.
டீக்கடைக் கிண்ணத்தால் அளந்தோம்,
ஒரு கிண்ணம் இருநூறு என்று.
கிண்ணத்தில் பாதி தண்ணீர் என்று சொன்னேன்.
மீன்துறை சார் கையெழுத்துப் போட்டுவிட்டு
மழைக்கோட்டை மாட்டிக்கொண்டார்.

அது கிடக்கட்டும்.
சொல்ல வந்தது
எடவப்பாதிக்கு இரண்டுநாள் முந்திய காலை.
இரவெல்லாம் மலையில் இடி.
பரளியாறு வந்து விழும் வாயில்
வெள்ளம் கலங்கிச் சிவந்து,
மீனெல்லாம் ஏற்றம் பிடித்த நேரம்.
ஸ்டெல்லஸ் ஓடி வந்தான்,
நெஞ்சோடு அணைத்த ஈரச்சாக்கு
அவனை உதைத்துக்கொண்டிருந்தது.
"எழுது பிள்ளே, சட்டுன்னு எழுது!"

நீலத்தட்டில் சாக்கைக் கவிழ்த்தான்.
கட்லா.
செவுள் திறந்து மூடியது.

இந்த ஷெட்டில் எனக்கு ஆறு வருடம்.
உயிரோடு ஒன்றும் தராசுக்கு வந்ததில்லை என்று
அப்போதுதான் தோன்றியது.
செத்த மீனுக்கு முள் உடனே நிற்கும்.
இதற்கு நிற்கவில்லை.
நாலு. ஒன்பது. ரெண்டு.
வால் அடித்தால் ஒன்பதரை,
மூச்சு வாங்கும்போது ஏழு,
சங்கிலி கிறீச்சிட
ஒருகணம் பூஜ்யம்கூட.

"எவ்வளவு?"
"நிக்கட்டு."
"என்ன நிக்கணும்?"
"முள்ளு."

இடப்பக்கம் நின்றான். வலப்பக்கம் போனான்.
கடைசியில்
எனக்கு நேர் பின்னால் வந்து
என் தோள்வழியே பார்த்தான்.
அவன் சட்டையில் ரப்பர்பாலும் பாசியும் நாறின.

மழை பிடித்தது.
தகரத்தில் விழுந்த முதல் சத்தத்துக்கு
மீன் வளைந்தது.
தட்டு சாய்ந்தது.
சிமெண்டுத் தரை, படி, செம்மண் சரிவு.
சரிவு முழுக்க அதற்குள்
தண்ணீர் ஓடத் தொடங்கியிருந்தது.
ஸ்டெல்லஸ் விழுந்து பிடித்ததில்
கையில் இரண்டு செதில்.

நோட்டில் நான் எழுதியது:
தேதி, ஸ்டெல்லஸ், கட்லா ஒன்று.
எடைக்கு நேரே ஒன்றும் எழுதவில்லை.

மாசக்கடைசியில் கணக்கர் கோலப்பன்
அந்தக் காலி இடத்தில் சிவப்பு மையால்
ஐந்து கிலோ என்று போட்டு
என் சம்பளத்தில் அறுநூறு பிடித்தார்.
ஸ்டெல்லஸுக்குக் கூலி இருநூறு கிடைத்தது.
அதிலிருந்து அவனுக்குப் பேச்சில்லை.
குலசேகரம் சந்தையில் எதிர்ப்பட்டால்
மரச்சீனிக் குவியலைக் குனிந்து பார்க்கிறான்.

நான் இன்னும் விடவில்லை.
நோட்டைத் தூக்கிக்கொண்டு
நேற்றும் போய்க் கேட்டேன்:
ஐந்து எப்படி சார் வரும்?
மூச்சு வாங்கும்போது பார்த்தவள் நான்.
ஏழு.
ஏழு என்று திருத்துங்கள்,
மீதியையும் பிடித்துக்கொள்ளுங்கள்.