ஒன்பதாம் பாத்தி

மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள்.
செம்மண்டலத்தில் அது என் கைக்குட்டையைத் துளைத்து
மூக்குவரை வந்துவிட்டது.
ஞாயிறு, காலை ஆறு மணி.
தோட்டத்துச் சாவி என்னிடம்தான்,
தும்மிக்கொண்டாவது வந்தாகவேண்டும்.

ஊர்ப் பெயரில் மட்டும்தான் செம்மண்.
தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்
நகராட்சி விட்டுக்கொடுத்த இந்த அரை மனையில்
முதல் வருடம் தோண்டத் தோண்ட
செங்கல் ஜல்லி, ஒற்றைச் செருப்பு,
யாரோ வீட்டு முழு வாஷ்பேசின்.
கேப்பர் மலையிலிருந்து இரண்டு டிராக்டர் மண் இறக்கினோம்.
அந்தக் கணக்கில் இன்னும் எழுநூறு ரூபாய் பாக்கி.

இந்த வார வேலையைக் கலியமூர்த்தி பலகையில் எழுதுகிறார்,
மின்வாரியக் கையெழுத்து:
பழைய அவரையைப் பிடுங்கவும்.
கீரைப் பாத்தியைக் கொத்தி வெயிலுக்கு விடவும்.
மூன்றாவதை எழுதுவதற்குள் சாக்பீஸ் உடைந்தது.
மூன்றாவது எல்லோருக்கும் தெரியும், உரக்குழி.
கிளறினால் புகைபோல ஆவி எழுகிறது.
உதவி செய்கிறேன் என்று நாலு பேர் சுற்றி நிற்கிறார்கள்,
குளிர் காய.

நான் மருந்துக்கடையில் நிற்பவன்.
விதைகளைக் காலி மாத்திரை டப்பாக்களில் வைத்திருக்கிறேன்.
வெண்டை, சத்து மாத்திரையில்.
பீர்க்கு, வாயுத் தொல்லையில்.
மேலே பழக்கதோஷத்தில் எழுதியிருந்தேன்:
காலை ஒரு முறை, மாலை ஒரு முறை, தண்ணீருடன்.
வசுமதி டீச்சர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார்.
"சாப்பாட்டுக்கு முன்னயா, பின்னயா?"

பிறகு ஒன்பதாம் பாத்தி.
நாலு ஞாயிறு வராதவர் பாத்தி
காத்திருக்கும் அடுத்த ஆளுக்குப் போகும்.
அந்த விதியை எழுதியதே இருதயராஜ்தான்.
துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர்.
கார்த்திகையில் மஸ்கட் போனார்,
போகிற அன்றும் தண்ணீர் ஊற்றிவிட்டு.
இப்போது அங்கே அறுகும் கோரையும்.
வேலியேறிய கொடியில்
யாரும் பறிக்காத ஒரே ஒரு சுரைக்காய்,
மரப்பெட்டி நிறத்தில்.

பட்டியலில் முதல் பெயர் பர்வீன்.
புது மண்வெட்டி, விலைச்சீட்டு இன்னும் கிழிக்கவில்லை.
அறுகில் முக்கால்வாசி போயிருக்கும்,
என் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது.
மஸ்கட்.

"தோட்டத்துலயா இருக்க? என் பாத்தியக் காட்டேன்."
யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.
சொல்லவேண்டியது செயலாளர். செயலாளர் நான்.
போனைத் திருப்பினேன்,
எட்டாம் பாத்திக்கு.

"இது கலியமூர்த்தி கத்தரி இல்ல?" என்றார்.
"இவ்ளோ மாவுப்பூச்சி. வேப்பெண்ணெய் அடிக்கலயா?"

அறுபதடி உயரத்திலிருந்து
அங்குலம் பிசகாமல் பெட்டி இறக்கிய கண்.
அதை மறந்தது என் தப்பு.

பர்வீன் மண்கையோடு போனை வாங்கினாள்.
பெயர் சொன்னாள். பாத்தி எண் சொன்னாள்.
சிக்னலா, அவரா தெரியவில்லை,
படம் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது.
பிறகு குரல் மட்டும் வந்தது:
"குழாய்ப் பக்க மூலையில உப்பு பூக்கும்மா.
அங்க வெண்டை வேணாம். கொத்தவரை தாங்கும்.
சுரை காஞ்சிடுச்சா? ஆட்டிப் பாரு."

ஆட்டினாள்.
போனுக்குப் பக்கத்தில் வைத்து இன்னொரு தடவை.
கிலுகிலுப்பைச் சத்தம் மஸ்கட் வரை போனதோ என்னவோ,
இந்தப் பக்கம் பன்னிரண்டு பாத்தியிலும்
வேலை நின்றிருந்தது.

பதிவேட்டில் பெயரை அடிக்கப்போனேன்.
ஈரக்கையில் பேனா எழுதவில்லை.
சுரைவிதைக்கு டப்பா தேடினேன்,
மிச்சமிருந்தது தூக்க மாத்திரை ஒன்றுதான்.
கழுவிக் காயவைத்து
"இருதயராஜ் சுரை" என்று ஒட்டினேன்.
காலாவதித் தேதிக்கு என்ன எழுதுவது என்று
யாரைக் கேட்பது.
எட்டாம் பாத்தியில் கலியமூர்த்தி
யாரோடும் பேசாமல்
வேப்பெண்ணெய் கலக்கிக்கொண்டிருந்தார்.