மூன்றின் வர்க்கமூலம்

மின்சாரம் வந்தால் மூன்று மணி நேரம் இருக்கும்.
சில நாள் இரண்டு.
மரகைபோவில் அதற்கு யாரும் கணக்குச் சொல்வதில்லை.
மின்விசிறி முனகத் தொடங்கியதும்
பக்கத்து வீட்டு பெலார்மினோ
குளிர்பெட்டியைத் திறந்து மீனை மோந்து பார்ப்பார்.
நான் பாலைவனத்துக்குப் போய்விடுவேன்.

திரைக்குள் இருக்கிற பாலைவனம்.
அங்கே மணலுக்கடியில் நீல உப்பு கிடக்கிறது.
கோல் ஒன்றை ஊன்றினால்
சுற்றிலும் நாற்பது அடிக்குள் உப்பிருந்தால் ஒலிக்கும்.
நாற்பத்தோராம் அடியில் ஒரு மலையே புதைந்திருந்தாலும்
வாய் திறக்காது.
பத்துக் கட்டி விற்றால் ஒரு டாலர்.
ஒரு டாலருக்கு ஒரு பொட்டலம் சோளமாவு,
சில்லறை மிஞ்சாது.

தம்பி எடிக்ஸன் ஓடி ஓடித் தேடினான்.
பாறை அழகாக இருந்தால் அங்கே ஒரு கோல்,
கனவில் வந்தது என்று இங்கே ஒரு கோல்.
குருட்டுப் பூனை விட்டத்தில் பாய்கிற மாதிரி.
விட்டம் எண்பதடா, எண்பது என்றேன்.
அவனுக்கு எந்த விட்டமும் புரியவில்லை.

மாவுப் பெட்டியைக் கிழித்து விரித்தேன்.
சோடா மூடிகளைச் சதுரமாக அடுக்கினேன்,
ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு.
நான்கு மூடி கூடும் இடத்தில்
இடுப்பு ஒடுங்கிய ஒரு நட்சத்திரம், வெறுமையாக.
உப்பு அந்த ஓட்டையில்தான் இருக்கும்,
என் ராசி எனக்குத் தெரியாதா?

மூடிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாது.
பேனாவால் வட்டமிட்டு வட்டமிட்டு நெருக்கினேன்.
ஓட்டை மூடியது,
ஆனால் தேடிய மணலையே திரும்பத் தேடுகிறேன்.
அடுத்த வரிசையைப் பாதி தள்ளிப் போட்டேன்.
மூன்று வட்டங்கள் ஒரே புள்ளியில்
முட்டிக்கொண்டு நின்றன.
அவ்வளவுதான்.
சதுரத்துக்கு நூறு கோல் வேண்டிய நிலத்துக்கு
எழுபத்தேழு போதும்.

கோலுக்குக் கோல்
நாற்பதை மூன்றின் வர்க்கமூலத்தால் பெருக்கு:
அறுபத்தொன்பது அடி.
வரிசைக்கு வரிசை அறுபது.
இந்த மூலம் எதற்கு என்று பள்ளியில் கேட்டதற்கு
வெயிலில் நிற்க வைத்தீர்கள்.
இதற்குத்தான், டீச்சர்.

மூன்றாம் வாரம், பதினோராம் வரிசை.
நான் ஊன்றாத கோல் ஒன்றின் தழும்பு மணலில்.
அதிலிருந்து நடந்து எண்ணினேன்.
அறுபத்தொன்பதில் இன்னொன்று.
மறுபடி அறுபத்தொன்பது.
தூரத்தில் ஓர் உருவம்,
தலைக்கு மேல் பெயர்: ஹெல்வி04.
உலகின் எந்த மூலையிலோ
வேறு ஏதோ மூடிகளை மேசையில் பரப்பி
அதே ஓட்டையைக் கண்டு எரிச்சல்பட்ட ஒருவர்.

சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது.
அப்புறம்தான் உறைத்தது:
அவர் அடுத்து எங்கே நிற்பார் என்று எனக்குத் தெரியும்.
அதற்கடுத்து எங்கே என்றும்.

மாவு டப்பாவில் அடி தெரிகிறது.
மணி எட்டு நாற்பது, எந்த நிமிடமும் கரண்ட் போகலாம்.
ஓடிப்போய் அவருடைய புள்ளியில்
என் கோலை ஊன்றினேன்.
ஒலித்தது.
பதினான்கு கட்டி.

அவர் வந்தார். நின்றார்.
திட்டுவார் என்று காத்திருந்தேன்.
எங்கள் விளையாட்டில் திட்டுவதற்கு
முப்பது வகை சைகை உண்டு.
எதுவும் காட்டவில்லை.
என் கோலைத் தன் வரிசையில் ஒன்றாக எண்ணிக்கொண்டு
அங்கிருந்து அறுபத்தொன்பது அடி நடந்து
தன்னுடையதை ஊன்றினார்.
அது ஒலித்ததா, தெரியாது.
திரை அணைந்தது.

ஏரிக்குத் தெற்கே மின்னல்,
எப்போதும்போல இடியில்லாமல்.
அந்த வெளிச்சத்தில் அட்டை விட்டுவிட்டுத் தெரிந்தது.
இரண்டு வட்டங்கள் வெட்டிக்கொள்ளும் இடத்தில்
குறுக்கே போகும் கோட்டுக்கு நாண் என்று பெயர்.
அதை மட்டும் நான் வரைந்திருக்கவில்லை.

கிடைச்சதா அக்கா, என்றான் இருட்டில் எடிக்ஸன்.
பதினாலு.
யாரு இடத்துல?
மணலுக்கெல்லாம் சொந்தக்காரன் கிடையாது என்றேன்.
விசிறி நின்றுபோயிருந்ததால்
நான் சொன்னது எனக்கே தெளிவாகக் கேட்டது.