ஒரு நூல்

"நூல் பிடித்தாற்போல் பறக்கும், எதையும் தொட்டுவிடாதே"
என்று சொல்லித்தான் விற்றார் ஹால்கெய்ர்.
சிவப்பு இறக்கை, வெளிர்மஞ்சள் வால்,
ரிமோட்டும் சேர்த்து இரண்டாயிரம் க்ரோனர்.

நான் பல் செய்பவள்.
ஹாமர் நகரத்தில் மூன்று மருத்துவர்களுக்குக்
கடைவாய்ப் பற்களின் மேல்மூடி வார்த்துத் தருகிறேன்.
முடியளவு உயர்ந்துவிட்டால்
யாரோ ஒருவர் இரவெல்லாம்
தாடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.
என்னிடம் போய்த் தொடாதே என்றால்?

சமையலறை மேசையைக் காலிசெய்தேன்.
முதலில் மேசையையே அளந்தேன்.
ஒரு காலுக்கடியில் மடித்த பால் அட்டை வைக்க வேண்டியிருந்தது.
பிறகு வால்முனையின் நடுவில் குண்டூசி.
மீன்பிடி நூல் நீண்டு கொடுக்கும்,
பல்லிடுக்கு நூல் கொடுக்காது.
இட இறக்கை நுனிவரை இழுத்து
மையால் ஒரு புள்ளி வைத்தேன்.
அதே நூலை வலப்பக்கம் சுழற்ற
நுனிக்கு எட்டாமல் நின்றது புள்ளி.
மூன்று மில்லிமீட்டர்.
தச்சர் கணக்கில் ஒரு நூல்.

வால் அதைவிட மோசம்.
பின்னாலிருந்து பார்த்தால்
ஒரு காது தொங்கிய நாய்.
கோணமானியைக் கவ்வவிட்டேன்:
முன்விளிம்பு ஒரு டிகிரி தூக்கல்.
பதினொரு வருடம் இதையா
நூல் பிடித்தாற்போல் என்றார்?

மூன்று ராத்திரி.
திருகாணித் துளையை அடைத்து, பசை காய்ந்து,
ஒரு நூல் தள்ளி மறுபடி துளையிட்டேன்.
வாலைச் சுரண்டி எடுத்து
பின்விளிம்புக்கடியில்
யாரும் வராமல்போன ஒரு சந்திப்புச் சீட்டை
வெட்டி வைத்தேன்.
அளந்தேன். பூஜ்யம்.
பிடிக்காமல் இன்னொருமுறை அளந்தேன்.

பிப்ரவரி. மியோசா ஏரி உறைந்து கிடக்கிறது.
மைனஸ் பதினொன்று.
ஸ்கீ இரண்டும் பனியை விட்டதுதான் தாமதம்,
மூக்கை நிமிர்த்திச் செங்குத்தாய் ஏறி
இடப்பக்கம் புரண்டது.
எப்படி இறக்கினேன் என்று
என் விரல்களுக்கே தெரியாது.

அப்புறம்தான் பார்த்தேன்.
ரிமோட்டில் அவர் வைத்த டிரிம் அப்படியே இருந்தது.
உடம்பு நேராகிவிட்டது,
பழைய கோணலுக்கான மருந்தை மட்டும்
இன்னும் குடித்துக்கொண்டிருக்கிறது.
டிக். டிக். டிக்.
மூக்குக்கு ஒன்பது, இடத்துக்கு நான்கு.
பதினொரு வருடத்தை
கையுறை கழற்றிய விரலால்
ஒவ்வொன்றாய்த் திரும்ப வாங்கினேன்.

அடுத்த ஞாயிறு ஹால்கெய்ர் வந்தார்,
பனிவாரும் லாரியைக் கரையில் நிறுத்திவிட்டு.
"கொடு, ஒரு சுற்று."

அவர் கையில் அது நெளிந்தது.
இடம், திருத்தம், மறுபடி இடம்,
முதுகு வளைத்து மேலே, கீழே.
"கெடுத்துவிட்டாய் இங்குன்" என்றார்.
நான் வானத்தைப் பார்க்கவில்லை.
அவருடைய வலக்கட்டைவிரலைப் பார்த்தேன்.
டிரிம் விட்டுவைத்த மீதியை
இத்தனை நாளும் அதுதான் சத்தமில்லாமல்
பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது;
இல்லாத கோணலை
இப்போதும் பின்னுக்கும் இடத்துக்குமாய்
இழுத்துப் பிடித்திருக்கிறது.

"விரலை எடுங்களேன்."
"விழுந்துவிடும்."
"எடுங்கள்."

எடுத்தார்.
எதிர்க்கரை நோக்கி
நெளியாமல் போனது அது.
ஏரி அகலமானது.
"போகிறதே" என்றார்.
போய்க்கொண்டேயிருந்தது.
சிவப்பு எது மஞ்சள் எது என்று
தெரியாமல் போகுமுன்
யாராவது திருப்பியாக வேண்டும்.

ரிமோட் அவர் கையில்தான் இருந்தது,
கட்டைவிரல்
காற்றில்.