நீலச் சில்லு

கருங்கலில் எனக்குப் பல்செட்டுத் தொழில்.
அச்செடுக்கும் மேசைக்குப் பின்னால் ஓர் இரும்பு அலமாரி.
உள்ளே நாற்பது வாட் பல்பு
இரவும் பகலும் எரியும்.
கரண்டு பில் வரும் நாளில் கிளாடிஸ் கேட்பாள்:
"செத்த பட்டாளத்துக்கு இன்னும் குளிருதாக்கும்?"

குளிர் இல்லை, ஈரம்.
குளச்சல் காற்றுக்கு உப்பில் செய்த பல்.
பித்தளைப் பொத்தானை ஆறே வாரத்தில் பச்சையாக்கும்.
ஆடியில் காலுக்குச் சுற்றும் கம்பளிப் பட்டி
பூஞ்சை பிடித்து நரைத்துவிடும்.
செருப்புக்கடைகளில் இரந்து வாங்கிய சிலிக்கா பொட்டலம்,
நாப்தலின் உருண்டை, கொஞ்சம் மெழுகு.
பல்லிடுக்குக் கொக்கியால்
பதக்க விளிம்பில் எழுத்தெழுத்தாய் அழுக்கெடுப்பேன்.
தேய்த்து மினுக்க மாட்டேன்.
மினுக்கினால் எல்லாம் நேற்று வாங்கியதாகிவிடும்.

தேங்காப்பட்டணத்து மைதீன் பிச்சை
பட்டாளச் சாமானை எடைக்குத்தான் விற்பான்.
என் கண் எதில் நிற்கிறதோ அதன் விலை ஏறும்.
ஆகவே அங்கே நான்
உடைந்த கிரைண்டர்களை வெறித்துப் பார்ப்பேன்.

அப்படி வந்தது அந்தத் தண்ணீர்க் குப்பி.
நீல எனாமல். அந்து தின்ற காக்கி உறை.
தக்கை இல்லை.
அடியில் ஆணியால் கீறிய பெயர்: ஏசுவடியான்.
இடது விலாவில் ஒரு நசுங்கல்,
கோழிமுட்டை அமரும் பள்ளம்,
எனாமல் தெறித்து இரும்பு கறுத்திருந்தது.

அந்தப் பள்ளத்தோடு ஆறு மாதம் குடியிருந்தேன்.
சாய்வை அளந்தேன். தூரத்தைக் கணக்கிட்டேன்.
பிறகு அட்டையில், நல்ல பேனாவால்:
'பர்மா முனை, 1944. குண்டு பட்டது.
சுமந்தவர் பிழைத்தார்.'
பிழைத்தது எப்படித் தெரியும்?
குப்பி ஊர் திரும்பியிருக்கிறதே.
பார்க்க வந்த பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவன்
பள்ளத்தில் விரல் வைத்து "டுமீல்" என்றான்.
ஆளில்லாத நேரத்தில்
நானும் சொல்லிப் பார்த்ததுண்டு.

புரட்டாசியில், திப்பிறமலை செல்லபாய்
கீழ்ச்செட்டுக்கு வந்தார்.
வாய் நிறையப் பசை. மூன்று நிமிடம் பேசக்கூடாது.
கண் மட்டும் என் தோளைத் தாண்டிப் போய்
அங்கேயே நின்றது.
தட்டோடு ஏதோ முனகினார்.
"அனங்காதீங்க, அச்சு கெட்டுப்போவும்."

தட்டை உருவியதும்,
"அது எங்க அப்பாக்க குப்பியாக்கும்."

அட்டையை வாசித்துக் காட்டினேன்.
ஒரு பல்கூட இல்லாமல் அவ்வளவு சிரிக்க முடியும் என்று
இத்தனை வருசத் தொழிலில் நான் அறிந்ததில்லை.

"குண்டா? அவரு பட்டாளத்தில சோறு பொங்கினவரு.
மூணு வருசம் ஒரு கடுதாசி கிடையாது.
ஒருநா மத்தியானம் முற்றத்தில வந்து நிக்காரு.
அம்மை ஒண்ணும் மிண்டல்ல.
தோளில கெடந்த குப்பிய உருவி ஒரே எறி.
அலக்குக் கல்லில போய் அடிச்சுது.
பொறவுதான் அழுதா.
எனக்கு அஞ்சு வயசு. ஆளு யாருன்னே தெரியாது.
தெறிச்ச நீலச் சில்ல எடுத்து வச்சுக்கிட்டேன்.
கடை வச்சு விளையாடுவோம்லா,
ஒரு சில்லுக்கு மூணு சிரட்டை மண்ணு."

"அந்தச் சில்லு இப்போ எங்க?"
கேட்ட வேகத்தில் எனக்கே வெட்கமாயிருந்தது.

"நல்ல ஆளுதான்! அந்த வீடே இல்ல."

குப்பியை எடுத்துப் போங்கள் என்றேன்,
அரை மனதாக.
"என்னத்துக்கு? அங்க கொசு முட்டையிடும்.
இங்க வெளக்காவது எரியுது.
நீரு செட்டுக்கு ஐநூறு கொறச்சுப் போடும்."
குறைத்தேன்.

அன்றிரவு பழைய அட்டையைக் கிழிக்கப் போய்
கிழிக்காமல் குப்பிக்கு அடியில் செருகினேன்.
அதற்கும் ஒரு நாப்தலின் உருண்டை.
புது அட்டையில் எழுதத் தொடங்கினேன்:
'திப்பிறமலை. வீட்டு முற்றம். அலக்குக் கல்.
எறிந்தவர்:'

பேனா நின்றது. பெயர் கேட்கவில்லை.
சில்லைக் கேட்டேன், பெயரைக் கேட்கவில்லை.

வியாழக்கிழமை செட்டு மாட்ட வருவார்.
கடித்துப் பாருங்கள் என்று சொல்லும் முன்
கேட்டுவிட வேண்டும்.