டோர் லாக்

பொன்மேனியில் எந்த வீடு காலி என்று
புரோக்கர் சேதுபாண்டிக்கு முன்னாலேயே எனக்குத் தெரியும்.
இரண்டு மாதத்துக்கு ஒருமுறை
வாசல் வாசலாக எக்கி நின்று
மீட்டர் பார்க்கிறவள் நான்.

அந்த மாடி வீட்டில் போன தடவை 4417.
இந்தத் தடவையும் 4417.
அப்படியென்றால் உள்ளே மிக்ஸி இல்லை, மின்விசிறி இல்லை,
ராத்திரி மூன்று மணிக்கு
பாத்ரூம் விளக்கைப் போட ஒரு ஆள் இல்லை.

வேலை முடிந்த சாயங்காலம்
அடையாள அட்டையைக் கழற்றிப் பைக்குள் திணித்துவிட்டு
அதே வீட்டுக் கதவைத் தட்டினேன்.
கையில் கருவி இல்லாத என்னை
முத்திருளாண்டி ஐயாவுக்கு ஆள் தெரியவில்லை.

"எத்தனை பேரு?"
நானும் மகனும்.
"அவரு?"
இல்லைங்க.
"அடடா. தவறிட்டாரா?"
திருமங்கலத்தில் இருக்கிறார் என்றேன்.
நாற்காலியை ஒரு சாண் பின்னால் இழுத்துக்கொண்டார்.
"கவுச்சி பொழங்குவீகளோ?"
ஞாயிறு மட்டும்.
(புதன்கிழமை அயிரை மீனை மறைத்துவிட்டேன்.)

பிறகு அது வந்தது.
அதை யாரும் நேராகக் கேட்பதில்லை.
சொந்த ஊர் எது என்பார்கள்.
சொன்னால், அங்கிட்டு எந்தத் தெரு என்பார்கள்.
தெருவையும் சொன்னதும்
உள்ளே யாரோ கூப்பிட்ட மாதிரி எழுந்து போவார்கள்.
போனார்.
வந்தார்.
"நேத்துத்தான் தாயி, ஒரு பேங்க்காரருக்கு
அட்வான்ஸ் வாங்கிட்டோம்."

கதவு பூட்டியிருந்தால் டோர் லாக் என்று பதிய
எங்கள் கருவியில் இடம் இருக்கிறது.
ஆள் இருந்தும் திறக்காத வீட்டுக்கு
ஒன்றும் வைக்கவில்லை.

விளாங்குடியில் பருப்பு வேகாத உப்புத் தண்ணீர்.
பெத்தானியாபுரத்தில் பத்து மாத அட்வான்ஸ்,
ஜன்னல் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர்.
அரசரடியில் எல்லாம் சரியாக இருந்தது.
சரியாக இருந்ததால் சேதுபாண்டி
"ஒங்களுக்குச் சரிப்படாதுக்கா" என்றான்.

ஆவணியில் மறுபடி பொன்மேனி.
அட்டை கழுத்தில், கருவி கையில்.
4417.
பேங்க்காரர் இருட்டிலேயே குடித்தனம் நடத்துகிறார் போல.
"வெயிலு மண்டையப் பொளக்குது, குடிம்மா" என்று
ஐயாவே சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார்.
குடித்தேன்.
சொம்பை வாங்க நீண்ட கை
முகத்தைப் பார்த்துப் பாதியில் நின்றது.
"யூனிட் ஒண்ணும் ஓடலைங்க" என்று
கம்பி வலைப் பெட்டியைச் சாத்தி,
சொம்பைப் படியில் வைத்துவிட்டு
அடுத்த வீட்டுக்குப் போனேன்.

கடைசியில் கிடைத்தது கோச்சடையில்,
மாவு மில்லுக்கு மேலே.
வீட்டுக்காரி ஜெயசீலி ஒரே கேள்விதான் கேட்டாள்:
"பய செவுத்துல கிறுக்குவானா?"
கிறுக்குவான்.
"கிறுக்கட்டும். போகும்போது வெள்ளையடிச்சுக் குடுத்துட்டுப் போ."
எனக்குத் தொண்டை அடைத்தது.
அப்புறம் சொன்னாள்:
"கரண்டு சப் மீட்டரு. யூனிட்டுக்குப் பத்து ரூபா."

எத்தனை யூனிட் வரை இலவசம்,
அதற்குமேல் எத்தனைக்கு எவ்வளவு,
தூக்கத்தில் எழுப்பினாலும் ஒப்பிப்பேன்.
வாயைத் திறந்தேன்.
கீழே மில் பட்டை ஓடத் தொடங்கித் தரை அதிர்ந்தது.
யாருடைய மிளகாயோ நெடி ஏறியது.
"சரிங்க" என்றேன்.

முதல் ராத்திரி மகன் தூங்கியதும்
செல்போன் வெளிச்சத்தில் படியிறங்கி
என் மீட்டரைப் பார்த்தேன்.
சிவப்புப் புள்ளி
விட்டு விட்டுச் சிமிட்டியது.
ஊர் மீட்டரெல்லாம் பார்த்தவள்,
இதற்கு முன்னால் நின்று
இருபத்திரண்டு வரை எண்ணினேன்.
அப்புறம் பத்து ரூபாய் ஞாபகம் வந்து
மேலே ஓடிப் போய்
பாத்ரூம் விளக்கை அணைத்தேன்.