நாலாம் நம்பர் கவுண்டர்

அவிநாசி ரோட்டில் எங்கள் ஆஸ்பத்திரிக்கு
ஒன்பது மாடி, வாசலில் ஒரு பிள்ளையார்,
லிஃப்டுக்குள் வீணை.
நான் தரைத்தளம். காப்பீட்டுப் பிரிவு.
வலியை எண்ணாக்கி
மும்பைக்கு அனுப்புகிற வேலை.

சோமனூர் சென்னியப்பன். நெஞ்சுவலி.
எட்டுத் தறி, அதில் ஓடுவது நாலு.
மூணு வருசமாய்ப் பிரீமியம் தவறியதில்லை;
ரசீதெல்லாம் நூல் வந்த பாலித்தீன் உறையில்
அவர் மனைவி தெய்வாத்தாள் கையில்.

மும்பை கேட்டது:
சர்க்கரை எத்தனை வருசம்?

"வர்ற ஆடிக்கு ஆறு வருசமுங்"
சட்டென்று சொல்லிவிட்டார் தெய்வாத்தாள்.
மகன் அவர் முழங்கையை அழுத்தியது
அரை நொடி பிந்திப்போனது.

ஆறில் மூணு போனால் மூணு.
பாலிசிக்கு முந்திப் பிறந்த நோய்.
பெட்டிக்குள் கர்சர் துடித்தது,
நாலாவது மாடியில் அவர் துடிப்பைவிட ஒழுங்காய்.

"தெரியவில்லை" என்று அடிக்கலாம்.
அடித்திருக்கிறேன், வேறு ஆட்களுக்கு.
அன்றைக்கு என் முதுகுக்குப் பின்னால் ஆடிட்டர்.
ஆறு என்றே அடித்தேன்.

நிராகரிப்பு வர நாற்பது நிமிஷம்.
அதற்குள் கேண்டீனில் தாயும் மகனும்
ஒரு டீயை இரண்டாய் ஆற்றிக் குடித்தார்கள்.

அரசாங்கக் கார்டு?
"எட்டுத் தறி வெச்சவன ஏழைன்னு எப்படி எழுதறதுன்னு
வி.ஏ.ஓ. சிரிக்கறாருங்."

பொழுது சாய ஆம்புலன்ஸ் ஏறி
பெரியாஸ்பத்திரிக்குப் போனார்கள்.
அங்கே ஆறா மூணா என்று யாரும் கேட்பதில்லை.
கூட யாரு, பாய் இருக்கா, அவ்வளவுதான்.
ஸ்டென்ட் வைக்க வரிசை பத்தொன்பது நாள்.
என் மகள் பிறந்ததும் அங்கேதான்.
பொண்ணு என்பதால் ஆயா
ஐந்நூறை முந்நூறாய்க் குறைத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் மகன் வந்தான்.
"ஆஞ்சியோ சிடி மட்டும் குடுங்க.
அங்க மிஷின் ரிப்பேருங்."
நகலுக்கு நானூறு.
ரசீது போட்டது இந்தக் கைதான்.

வாசல் செக்யூரிட்டி மயிலானந்தன் சொல்வார்:
"பிரைவேட் பஸ்ஸு பறக்கும், பாட்டு போடுவான்.
ராத்திரி கடைசி டிரிப்புக்குத்
தகர டப்பா கவர்மெண்ட்டு வண்டிதான் வரும்.
அதும் வந்தா."

சென்னியப்பனுக்கு என்ன ஆயிற்று, தெரியாது.
பாலிசியைப் புதுப்பிக்கச் சொல்லி
அவர் நம்பருக்கு மும்பை
விடாமல் செய்தி அனுப்பும், அது தெரியும்.

மாதக் கடைசி. சம்பளச் சீட்டில்
என் பேருக்கு நேரே நூற்றிப்பத்து ரூபாய் பிடித்தம்.
எனக்கு இடுப்பு வலித்தால்
இந்த ஒன்பது மாடியில் ஒரு மாடியும் இல்லை.
சிங்காநல்லூர், ஈ.எஸ்.ஐ.

போன வியாழன் போனேன்.
டோக்கன் இருநூற்றுப் பதினேழு.
முன்னால் நின்றவள்
மோட்டார் கம்பெனியில் காயில் சுற்றுகிறவள்,
விரலெல்லாம் வார்னிஷ்.
"நீங்க எங்கீங்க வேலை?"

கழுத்து அட்டையை
எழுத்து உள்பக்கம் போகத் திருப்பிக்கொண்டு
"கம்ப்யூட்டருங்" என்றேன்.